15 அணி, 14 தோல்வி: 1871-72 எஃப்.ஏ. கோப்பைக் கணக்கு ஏன் உதைக்கிறது?

#1 — கோப்புக்காரன்

விக்டோரியா ராணி காலத்துக் கால்பந்துக் கோப்பைப் போட்டிகளை ஒரே அட்டவணையில் ஏற்றி வருகிறேன். எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை 1871-72 முதல், ஸ்காட்டிஷ் கோப்பை 1873-74 முதல், வெல்ஷ் கோப்பை 1877-78 முதல், ஐரிஷ் கோப்பை 1880-81 முதல். முடிவு 1900-01 பருவம்.

முதல் வருடத்திலேயே கணக்கு உதைக்கிறது. நாக்-அவுட்டில் 15 அணி இறங்கினால் 14 அணி தோற்று வெளியேற வேண்டும். நான் எண்ணிப் பார்த்தால் மைதானத்தில் தோற்ற அணிகள் 10தான். ஆனால் நடந்த ஆட்டங்களோ 15. கிரிஸ்டல் பேலஸ் 0-0 என்று முடித்த இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகும் அடுத்த சுற்றில் நிற்கிறது.

கூடவே மூன்று சந்தேகங்கள். 1872-73இல் வாண்டரர்ஸ் ஒரே ஒரு ஆட்டம் ஆடிக் கோப்பை வென்றதாகக் காட்டுகிறது, சரியா? 1879 ஸ்காட்டிஷ் இறுதி 1-1 என்று இருக்கிறது, மறுஆட்டம் இல்லை, ஆனால் சாம்பியன் பெயர் இருக்கிறது. எப்படி? ஐரிஷ் கோப்பையை வட அயர்லாந்து என்று பதிவதா, அயர்லாந்து என்றா?

#2 — ஓவல்வாசி

தம்பி, கூட்டலில் பிழை இல்லை. இன்றைய நாக்-அவுட் விதியை 1871க்குக் கொண்டுபோனதில்தான் சிக்கல். முதல் விதித்தாளின்படி ஆட்டம் சமநிலையில் முடிந்தால் கமிட்டிக்கு இரண்டு வழி இருந்தது. மறுபடி ஆட வைக்கலாம், இல்லையென்றால் இரண்டு அணியையும் அடுத்த சுற்றுக்கு ஏற்றிவிடலாம். சுற்று சுற்றாகப் போனால் விளங்கிவிடும்.

முதல் சுற்று 11 நவம்பர் 1871இல் தொடங்கியது. உண்மையில் ஆடப்பட்டவை நான்கு: பார்ன்ஸ் 2-0 சிவில் சர்வீஸ், மெய்டன்ஹெட் 2-0 மார்லோ, கிளாப்பம் ரோவர்ஸ் 3-0 அப்டன் பார்க், கிரிஸ்டல் பேலஸ் 0-0 ஹிட்சின். கடைசி ஆட்டத்தின் இரு அணிகளும் மேலே போயின. ரைகேட் பிரையரி விலகியதால் ராயல் இன்ஜினியர்ஸுக்கு வாக்கோவர் (ஆடாமலே வெற்றி), ஹாரோ செக்கர்ஸ் விலகியதால் வாண்டரர்ஸுக்கு வாக்கோவர். கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க்கும் லிங்கன்ஷயரின் டோனிங்டன் பள்ளியும் எந்த ஊரில் ஆடுவது என்று ஒத்துவராததால் பந்தைத் தொடாமலே இருவரும் மேலே. ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தன்ஸுக்கு பை (எதிரணி இல்லாததால் நேரே அடுத்த சுற்று). ஆக 15 உள்ளே, 5 வெளியே, மிச்சம் 10.

இரண்டாம் சுற்று: பேலஸ் 3-0 மெய்டன்ஹெட், வாண்டரர்ஸ் 3-1 கிளாப்பம் ரோவர்ஸ், இன்ஜினியர்ஸ் 5-0 ஹிட்சின். ஹீத்தன்ஸும் பார்ன்ஸும் 1-1, மறுஆட்டத்தில் ஹீத்தன்ஸ் 1-0. இந்த முறை டோனிங்டன் விலகிவிட, குயின்ஸ் பார்க் மேலே. மிச்சம் 5.

காலிறுதியில் இன்ஜினியர்ஸ் 3-0 ஹீத்தன்ஸ். வாண்டரர்ஸ் 0-0 பேலஸ், மறுபடியும் இருவரும் மேலே. குயின்ஸ் பார்க்குக்கு பை. மிச்சம் 4.

அரையிறுதிகள் இரண்டும் லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானத்தில். இன்ஜினியர்ஸும் பேலஸும் 0-0, மறுஆட்டத்தில் இன்ஜினியர்ஸ் 3-0. வாண்டரர்ஸும் குயின்ஸ் பார்க்கும் 0-0. மறுஆட்டத்துக்காக கிளாஸ்கோவிலிருந்து இன்னொரு தடவை ரயிலேற குயின்ஸ் பார்க்கிடம் பணமில்லை, விலகிக்கொண்டார்கள்.

16 மார்ச் 1872, இறுதி: வாண்டரர்ஸ் 1-0 ராயல் இன்ஜினியர்ஸ். சுமார் 2,000 பேர் பார்த்தார்கள், நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங்.

இப்போது கூட்டுங்கள். மைதானத்தில் தோற்றவை 10. விலகியவை ரைகேட் பிரையரி, ஹாரோ செக்கர்ஸ், டோனிங்டன், குயின்ஸ் பார்க் என 4. மொத்தம் 14. ஆட்டங்கள் 4 + 5 + 2 + 3 + 1 = 15.

எனவே "வெற்றி / தோல்வி / சமநிலை" என்ற ஒரு பத்தி போதாது. "எப்படி முடிந்தது" என்று தனிப் பத்தி போட்டு, அதில் ஆடி வென்றது, வாக்கோவர், பை, இருவரும் மேலே, மனுவால் ரத்து என்று ஐந்து குறியீடு வையுங்கள். அதன் பிறகு கணக்கு எந்த வருடமும் இடிக்காது.

#3 — கோப்புக்காரன்

ஐயா, மிக்க நன்றி. அப்படியானால் வாண்டரர்ஸ் இறுதிக்கு வந்தபோது ஜெயித்திருந்தது ஒரே ஒரு ஆட்டம்தானா?

#4 — ஓவல்வாசி

ஆமாம், கிளாப்பம் ரோவர்ஸை மட்டும். மற்றதெல்லாம் வாக்கோவர், சமநிலை, எதிரணி விலகல். இறுதியிலும் இன்ஜினியர்ஸ் தரப்பில் லெப்டினன்ட் கிரெஸ்வெல்லுக்கு ஆரம்பத்திலேயே காறை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லாத காலம். வலியோடு கடைசிவரை மைதானத்தில் நின்றார். அவரை மதிக்காமல் அந்த 1-0ஐ எழுத எனக்கு மனம் வராது.

கோல் அடித்தவர் பெயரையும் கவனியுங்கள். அன்றைய பட்டியலில் "ஏ. எச். செக்கர்" என்று இருக்கும். அது மார்ட்டன் பீட்டோ பெட்ஸ் வைத்துக்கொண்ட புனைபெயர். அவர் ஹாரோ செக்கர்ஸ் கிளப்புக்காரர், அந்த அடையாளத்தைத்தான் பெயராக மாற்றிக்கொண்டார். முதல் சுற்றில் வாண்டரர்ஸுக்கு எதிரே வராமல் விலகியதும் அதே ஹாரோ செக்கர்ஸ்தான். இரண்டு பெயரையும் இரண்டு ஆளாகப் பதிந்துவிடாதீர்கள்.

1872-73 கேள்விக்கு: சரிதான், ஒரே ஆட்டம். போட்டியின் முழுப்பெயரே "சவால் கோப்பை". கோப்பையை வைத்திருப்பவர் காத்திருப்பார், மற்றவர்கள் மோதி ஒருவர் மிஞ்சி வந்து சவால் விடுவார் என்பது அந்தச் சொல்லின் நேரடிப் பொருள். அந்தப் பொருளில் நடந்தது அந்த ஒரு வருடம் மட்டுமே. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வாண்டரர்ஸுக்கு இருந்தது, லில்லி பிரிட்ஜ் மைதானத்தைக் கேட்டார்கள். 29 மார்ச் 1873, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை 2-0 என்று வென்றார்கள். அன்றே தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப்போட்டி. ஜனங்கள் அங்கே போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்தைக் காலையிலேயே வைத்துவிட்டார்கள்.

அந்த வருடமும் அரையிறுதிவரை பை வாங்கிய குயின்ஸ் பார்க், ஆக்ஸ்ஃபோர்டுடன் ஆட லண்டன் வர முடியாமல் விலகியது. இரண்டு பருவமும் கோலே வாங்காமல் வெளியே போன அணி அது.

#5 — கிளைடுக்கரை

குயின்ஸ் பார்க் பேச்சு வந்ததால சொல்றேன், ஸ்காட்டிஷ் கோப்பை பிறந்ததுக்கே இந்த ரயில் செலவு ஒரு முக்கியக் காரணம். லண்டன் கோப்பைக்காக ஒரு கினி (21 ஷில்லிங்) நன்கொடை கொடுத்தவங்க, அங்கே போய் ஆடத்தான் முடியல. 13 மார்ச் 1873ல கிளாஸ்கோ டியூவர்ஸ் ஹோட்டல்ல எட்டு கிளப் சேர்ந்து ஸ்காட்டிஷ் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அதுல கில்மார்னாக் நேர்ல வரல, சம்மதம்னு கடிதம் அனுப்புச்சு. முதல் பருவத்துல 16 அணி. 21 மார்ச் 1874ல முதல் ஹாம்ப்டன் பார்க்ல குயின்ஸ் பார்க் 2-0 கிளைட்ஸ்டேல்.

செலவுப் பத்தி வெச்சிருக்கீங்களா? எஃப்.ஏ.வோட முதல் கோப்பை 20 பவுண்டு, மார்ட்டின் ஹால் கம்பெனி செஞ்சது, 18 அங்குல உயரம்தான். ஸ்காட்டிஷ் கோப்பையும் மெடல்களும் சேர்த்து 56 பவுண்டு 12 ஷில்லிங் 11 பென்ஸ். இதை அப்படியே தசமத்துல போட்டா தப்பாகும், 56.1211 இல்ல அது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. எல்லாத்தையும் பென்ஸுக்கு மாத்துங்க: 56 × 240 = 13,440, 12 × 12 = 144, கூட 11. மொத்தம் 13,595 பென்ஸ். லண்டன் கோப்பை 4,800. அந்த கிளாஸ்கோ கோப்பையத்தான் இன்னைக்கும் ஜெயிச்சவங்க கையில கொடுக்கறாங்க. உலகத்துல இன்னும் கொடுக்கப்படற கால்பந்துக் கோப்பைகள்ல மிகப் பழசு.

லண்டன்ல இருந்தது போயே போச்சு. 1895ல ஆஸ்டன் வில்லா ஜெயிச்ச பிறகு, பர்மிங்காம்ல வில்லியம் ஷில்காக் கடை ஜன்னல்ல காட்சிக்கு வெச்சிருந்தப்ப, செப்டம்பர் 11 ராத்திரி திருடு போச்சு. வில்லாவுக்கு 25 பவுண்டு அபராதம். 1893ல ஜெயிச்ச வுல்வர்ஹாம்ப்டன் ஆட்டக்காரங்களுக்குச் சின்ன நகல் கொடுத்திருந்ததால, அதைப் பார்த்து அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சாங்க. அதனால 1896லேருந்து "கோப்பை எண் 2"ன்னு குறிங்க.

1879 இறுதி: வேல் ஆஃப் லெவன் – ரேஞ்சர்ஸ் 1-1. ரேஞ்சர்ஸ் போட்ட ஒரு கோலை மறுத்துட்டாங்க. எங்க கோல் கோல்தான்னு மனு போட்டாங்க, தள்ளுபடி. மறுஆட்டத்துக்கு வரமாட்டோம்னு நின்னுட்டாங்க. வேல் ஆஃப் லெவன் வந்து நின்னு கோப்பையை வாங்கிட்டுப் போச்சு. அஞ்சு வருஷம் கழிச்சு 1884ல அதே வேல் ஆஃப் லெவன் தலைகீழா மாட்டுச்சு. ஆட்டக்காரங்க வீட்டுல துக்கம், உடம்பு சரியில்லாமை, தேதி மாத்துங்கன்னு கேட்டாங்க. சங்கம் மாத்தல. அவங்க வரல, குயின்ஸ் பார்க்குக்குக் கோப்பை. அதனால 1884க்கு ஸ்கோர் பத்தி காலியா இருக்கணும். 0-0ன்னு போட்டுடாதீங்க, ஆட்டம் நடக்கவே இல்லை.

#6 — விதிப்புத்தகம்

கிளைடுக்கரை சொன்ன "மனு" விஷயத்தைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்து அட்டவணையில் அதிகப் பிழை வரும் இடம் அதுதான்.

அன்றைக்கு மைதானத்தில் கொடுத்த முடிவு கடைசி முடிவு அல்ல. தோற்ற கிளப் சங்கத்துக்கு எழுத்து மூலம் மனு கொடுக்கலாம். மைதானம் சரியில்லை, கூட்டம் கோட்டுக்குள் வந்தது, எதிரணியில் தகுதியில்லாதவர் ஆடினார், இப்படிக் காரணங்கள். கமிட்டி ஏற்றுக்கொண்டால் முந்தைய ஸ்கோர் செல்லாது, மறுபடி ஆட்டம். நான்கு உதாரணங்கள் தருகிறேன், உங்கள் கோப்பில் இவை சரியாக உட்கார்ந்தால் மற்றதும் உட்காரும்.

ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி 1881: குயின்ஸ் பார்க் 2-1 டம்பார்டன். பார்வையாளர்கள் ஆட்ட எல்லைக்குள் நெருக்கியதாக டம்பார்டன் மனு. ஏற்கப்பட்டது. மறுபடி ஆடியபோது குயின்ஸ் பார்க் 3-1.

ஸ்காட்டிஷ் இறுதி 1889: பிப்ரவரி 2, கடும் பனி. தேர்ட் லானார்க் 3-0 செல்டிக். மைதானம் தகுதியற்றது என்று ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளும் ஒப்புக்கொண்டிருந்ததால் அது கோப்பை ஆட்டமாகக் கணக்கில் வரவில்லை. பிப்ரவரி 9இல் மறுபடி ஆடி தேர்ட் லானார்க் 2-1. பல பட்டியல்களில் 3-0 இறுதி ஸ்கோராக நுழைந்திருக்கிறது. தவறு.

எஃப்.ஏ. கோப்பை 1889-90 காலிறுதி: தி வெட்னஸ்டே 5-0 நாட்ஸ் கவுன்டி, மனுவால் ரத்து. இரண்டாவது ஆட்டத்தில் நாட்ஸ் 3-2, அதுவும் மனுவால் ரத்து. மூன்றாவதில் வெட்னஸ்டே 2-1. ஜெயித்த வெட்னஸ்டே இறுதிவரை போய் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் 6-1 என்று தோற்றது. மூன்று ஆட்டத்தையும் பதியுங்கள், முதல் இரண்டுக்கு "ரத்து" குறி.

எஃப்.ஏ. கோப்பை 1883-84: பிரஸ்டன் – அப்டன் பார்க் 1-1. பிரஸ்டன் காசு கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறது என்று அப்டன் பார்க் மனு. பிரஸ்டனின் மேலாளர் வில்லியம் சுடெல் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிரஸ்டன் வெளியே. இங்கே குறி "ரத்து" அல்ல, "தகுதி நீக்கம்". ஆறாவது குறியீடாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கு கிளப்பிய புகைச்சலின் முடிவில்தான் 20 ஜூலை 1885இல் சம்பள ஆட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது.

#7 — ஷெஃபீல்டு67

எல்லாரும் 1871இல் ஆரம்பிக்கிறீர்கள். ஷெஃபீல்டில் அதற்கு நான்கு வருடம் முன்பே கோப்பைப் போட்டி நடந்துவிட்டது. நாடகக் கொட்டகை முதலாளி தாமஸ் யூடன் கொடுத்த கோப்பை, 12 அணிகள், இறுதி 5 மார்ச் 1867, பிரமால் லேன். ஹாலம் அணி நார்ஃபோக்கை வென்றது, சுமார் 3,000 பேர் பார்த்தார்கள். 1872 எஃப்.ஏ. இறுதியைவிடக் கூட்டம் அதிகம். அடுத்த வருடம் குரோம்வெல் கோப்பை: நான்கு அணி, 15 பிப்ரவரி 1868, தி வெட்னஸ்டே கேரிக் அணியைக் கூடுதல் நேரத்தில் வென்றது. முதலில் கோல் போடுபவர் வெற்றி என்ற ஏற்பாட்டில் நடந்தது அந்தக் கூடுதல் நேரம். 1990களில் "கோல்டன் கோல்" என்று புதிதாகக் கொண்டாடியது ஷெஃபீல்டுக்குப் பழைய சங்கதி.

இவை இல்லாத அட்டவணை தலையில்லாத அட்டவணை.

#8 — ஓவல்வாசி

ஷெஃபீல்டின் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அவை ஓர் ஊருக்குள் நடந்தவை, விதியும் வேறு. தேசிய சங்கம் தன் உறுப்பினர் எல்லாருக்கும் திறந்த போட்டி என்பது 20 ஜூலை 1871 அன்று லண்டனில் சங்கச் செயலாளர் சார்லஸ் ஆல்காக் வைத்த தீர்மானத்தில்தான் வருகிறது. ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்கிடையே நடந்த நாக்-அவுட் போட்டிதான் அவருக்கு முன்மாதிரி. ஷெஃபீல்டைப் பார்த்துச் செய்தது அல்ல.

#9 — ஷெஃபீல்டு67

விதி வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதனாலேயே பதியும் முறையைச் சொல்லிவிடுகிறேன். 1867 யூடன் இறுதியில் ஒரு கோல்கூட இல்லை. ஹாலம் வென்றது 2 "ரூஜ்"ஆல். அன்றைய ஷெஃபீல்டு விதியில் கோல் அகலம் 4 கஜம்தான். அதற்கு இரு பக்கமும் 4 கஜம் தள்ளி இன்னொரு ஜோடி கொடிக்கம்பு. பந்து கோலுக்குள் போகாமல் அந்தக் கொடிகளுக்குள் போய், தாக்கும் அணியின் ஆள் அதைக் கையால் தொட்டுவிட்டால் ஒரு ரூஜ். கோல் எண்ணிக்கை சமமானால் மட்டும் ரூஜ் எண்ணிப் பார்ப்பார்கள். எனவே ஸ்கோர் 2-0 என்று போடக்கூடாது. கோல் 0-0, ரூஜ் 2-0 என்று இரண்டு பத்தி.

தேசியப் போட்டி அல்ல என்றால் தனித் தாளில் வையுங்கள், சம்மதம். விட்டுவிடாதீர்கள்.

#10 — கோப்புக்காரன்

தனித் தாள் போட்டுவிட்டேன். ரூஜ் பத்தியும் சேர்த்தாயிற்று.

விதிப்புத்தகம் சார், ஆட்ட விதி மாறியதைப் பருவவாரியாக ஒரு பத்தியில் குறிக்க நினைக்கிறேன். எவை அவசியம்?

#11 — விதிப்புத்தகம்

ஸ்கோரைப் பாதிப்பவை மட்டும் போதும்.

1871-72இல் கோல்கம்பங்களுக்கு இடையே 8 அடி உயரத்தில் நாடா கட்டியிருந்தார்கள், குறுக்குக் கம்பம் இல்லை. பந்து நாடாவுக்கு மேலா கீழா என்பது அடிக்கடி சண்டை. வலையும் கிடையாது. கோல் விழுந்தால் அணிகள் உடனே பக்கம் மாறும். காற்று பலமாக அடிக்கும் நாளில் முதல் கோல் போட்ட அணி காற்றுக்கு எதிரே போய் நிற்க வேண்டிவரும். அந்தக் காலத்து 1-0க்கு இன்றைய 1-0ஐவிட வேறு எடை உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான். ஆட்ட நேரம் ஒன்றரை மணி, இரு தரப்புக்கும் ஆளுக்கொரு அம்பயர், அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் ரெஃப்ரி.

1882 டிசம்பரில் நான்கு நாட்டுச் சங்கங்களும் மான்செஸ்டரில் கூடின. குறுக்குக் கம்பம் கட்டாயம், த்ரோ-இன் இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து என்று ஒரே விதியானது. அதற்கு முன் லண்டனும் கிளாஸ்கோவும் ஷெஃபீல்டும் பந்தை வெவ்வேறு விதமாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தன. 1892 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் முதல் முறையாக வலை. லிவர்பூல் இன்ஜினியர் ஜான் அலெக்சாண்டர் பிராடி கண்டுபிடித்தது.

பெனால்டியை நான் தொடவில்லை, பெல்பாஸ்ட் நண்பர் எழுதட்டும்.

#12 — பெல்பாஸ்ட்பக்கம்

எழுதுகிறேன். அது அயர்லாந்து கொடுத்தது. ஆர்மா மாவட்டம் மில்ஃபோர்டைச் சேர்ந்த கோல்கீப்பர் வில்லியம் மெக்ரம் முன்வைத்த யோசனை, ஐரிஷ் சங்கம் வழியாகச் சர்வதேச விதிக்குழுவுக்குப் போய், முதலில் எதிர்ப்புக் கிளம்பி, 2 ஜூன் 1891இல் கிளாஸ்கோவில் நிறைவேறியது. நடுவில் அதற்குக் கை கொடுத்தது ஓர் எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். பிப்ரவரி 1891 காலிறுதியில் நாட்ஸ் கவுன்டி 1-0 முன்னிலையில் இருந்தபோது, ஸ்டோக்கின் நிச்சய கோலை நாட்ஸின் ஹென்ட்ரி கோட்டின் மேல் கையால் தடுத்தார். கோட்டுக்கு மிக அருகில் ஃப்ரீகிக். நாட்ஸ் அணி மொத்தமும் கோல்வாயை அடைத்து நின்றது. கோல் விழவில்லை, ஸ்டோக் வெளியே. எனவே பெனால்டி பத்தி 1891-92 முதல்தான் பொருந்தும். அதுவும் இன்றைய புள்ளி இல்லை. கோலிலிருந்து 12 கஜத்தில் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடு, அதில் எந்த இடத்திலிருந்தும் அடிக்கலாம். கோல்கீப்பர் 6 கஜம் வரை முன்னே வரலாம்.

இனி ஐரிஷ் கோப்பை. நாட்டுப் பத்தியில் "அயர்லாந்து" என்றே போடுங்கள். 18 நவம்பர் 1880இல் பெல்பாஸ்ட் குயின்ஸ் ஹோட்டலில் தொடங்கிய சங்கம் முழுத் தீவுக்குமானது. டப்ளினில் தனிச் சங்கம் 1921இல்தான். வட அயர்லாந்து என்று எழுதினால், 1895 இறுதியில் டப்ளின் பொஹீமியன்ஸ் எப்படி வந்தது என்று நாளை யாராவது கேட்பார்கள். (அந்த இறுதி லின்ஃபீல்டு 10-1. எழுத்துப்பிழை இல்லை.)

விதை போட்டவர் ஜான் மெக்அலெரி. 24 அக்டோபர் 1878இல் ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க், கலிடோனியன்ஸ் என இரண்டு அணிகளை பெல்பாஸ்டுக்கு வரவழைத்து ஒரு காட்சி ஆட்டம் நடத்தினார். அடுத்த வருடம் கிளிஃப்டன்வில் கிளப். அதற்கடுத்த வருடம் ஏழு கிளப் சேர்ந்து சங்கம்: அவோனியல், கிளிஃப்டன்வில், டிஸ்டிலரி, நாக், ஓல்டுபார்க், மொயோலா பார்க், அலெக்சாண்டர்.

9 ஏப்ரல் 1881, முதல் இறுதி. தலைநகரம் மாதிரி இருந்த பெல்பாஸ்டின் கிளிஃப்டன்வில்லை, காசில்டாசன் என்ற சிற்றூரின் மொயோலா பார்க் 1-0 என்று வென்றது. கோல் அடித்தவர் மாரோ. அந்த ஊரின் பிரபு ஸ்பென்சர் சிசெஸ்டர்தான் சங்கத்தின் முதல் தலைவர். 1882இல் குயின்ஸ் ஐலண்ட் 1-0, தோற்றது மறுபடியும் கிளிஃப்டன்வில். மூன்றாவது முயற்சியில் 1883இல் அல்ஸ்டரை 5-0 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

பெயர்க்குழப்பம் இங்கே அதிகம். "அல்ஸ்டர்" மாகாண அணி அல்ல, பெல்பாஸ்டின் ஒரு கிளப். "குயின்ஸ் ஐலண்ட்" கப்பல் கட்டும் தளத்து ஆட்கள். "டிஸ்டிலரி" டன்வில் விஸ்கி ஆலைத் தொழிலாளர் அணி, 1884, 85, 86 மூன்றும் அவர்களுடையவை. "லின்ஃபீல்டு" 1886இல் நூற்பாலைத் தொழிலாளர் ஆரம்பித்தது, 1891, 92, 93 மூன்றும் அவர்களுக்கு. ஆலை, கப்பல்தளம், பட்டாளம் என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வேலைத்தலம் நிற்கிறது. இந்தக் கோப்பையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பட்டாளம் என்றதும், 1890. கிளிஃப்டன்வில்லோடு 2-2, மறுஆட்டத்தில் 3-1 என்று கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவு வென்றது. ஐரிஷ் கோப்பையை வென்ற ஒரே ராணுவ அணி. 1892 இறுதியில் பிளாக் வாட்ச் லின்ஃபீல்டிடம் 7-0, 1897 இறுதியில் ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் கிளிஃப்டன்வில்லிடம் 3-1. படைப்பிரிவு இடம் மாறினால் அணியும் போய்விடும், அதனால் அடுத்த வருடம் அந்தப் பெயர் காணாமல் போவதைப் பிழை என்று எண்ண வேண்டாம். இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்த படைகள்தான் இந்தியாவுக்கும் இந்தக் கோப்பை வழக்கத்தைக் கொண்டுவந்தன. 1888இல் தொடங்கிய டூரண்ட் கோப்பையின் முதல் இறுதி இரண்டு ஸ்காட்டியப் படைப்பிரிவுகளுக்கு இடையே நடந்தது: ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் 2-1 ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி.

#13 — கிளைடுக்கரை

பெயர்க்குழப்பப் பட்டியல்ல நானும் சேர்க்கறேன். 1870கள்ல "வாண்டரர்ஸ்"னு மட்டும் இருந்தா அது லண்டன் கிளப், போல்டனோ வுல்வர்ஹாம்ப்டனோ இல்ல. "குயின்ஸ் பார்க்" கிளாஸ்கோ, லண்டன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் இல்ல. "தி வெட்னஸ்டே"தான் பின்னாடி ஷெஃபீல்டு வெட்னஸ்டே. பிளாக்பர்ன்ல ஒலிம்பிக் வேற, ரோவர்ஸ் வேற. 1882 இறுதில தோத்தது ரோவர்ஸ், 1883ல ஜெயிச்சது ஒலிம்பிக், 1884, 85, 86 ரோவர்ஸ்.

பெரிய ஸ்கோர் வந்தா எழுத்துப்பிழைன்னு அழிச்சிடாதீங்க. 12 செப்டம்பர் 1885 ஒரே நாள்ல ஆர்ப்ராத் 36-0 பான் அக்கார்டு, டண்டீ ஹார்ப் 35-0 அபர்தீன் ரோவர்ஸ். ரெண்டும் நிஜம். ஆர்ப்ராத்தோட ஜான் பெட்ரி மட்டும் 13 கோல். இங்கிலாந்துல 15 அக்டோபர் 1887, பிரஸ்டன் 26-0 ஹைட். சங்கத்துல சேர்ந்த எந்த கிளப்பும் பேர் கொடுக்கலாம், முதல் சுற்றுல பலமான அணியோட சின்ன அணியும் மோத வேண்டிவரும். அதனாலதான் இப்படி.

#14 — ஓவல்வாசி

1883ஐத் தாண்டிப் போகக்கூடாது. அதற்கு முன் 1879 காலிறுதி. லங்காஷயர் ஆலை ஊரான டார்வென் லண்டன் வந்து ஓல்டு ஈட்டோனியன்ஸுடன் (ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணி) ஆடியது. 5-1 என்று பின்தங்கியிருந்து 5-5 வரை வந்தார்கள். கூடுதல் நேரம் ஆட ஈட்டன்காரர்கள் சம்மதிக்கவில்லை. அந்தக் கட்டத்து ஆட்டமெல்லாம் ஓவலில்தான் என்ற விதி இருந்ததால், மறுஆட்டமும் லண்டனிலேயே. ஊரார் வசூல் செய்து மறுபடி அனுப்பினார்கள். 2-2. மூன்றாவது தடவை பயணம். அதில் 6-2 தோல்வி. வேலைநாள் கூலி போக, மூன்று நீண்ட ரயில் பயணத்தின் அலுப்பும் சேர்ந்த அந்த 6-2ஐப் பதியும்போது "இடம்" பத்தியைக் காலியாக விடாதீர்கள். பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து, 31 மார்ச் 1883, அதே ஓவல், எதிரே அதே ஓல்டு ஈட்டோனியன்ஸ். பிளாக்பர்ன் ஒலிம்பிக் கூடுதல் நேரத்தில் 2-1. நெசவாளி, நூற்பாளி, பிளம்பர், இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி கலந்த அணி. ஆலை முதலாளி சிட்னி யேட்ஸ் பணம் கொடுக்க, ஆட்டத்துக்கு முன் கடற்கரை ஊரான பிளாக்பூலில் தங்கிப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார்கள். மேத்யூஸ் சமன் செய்தார், வெற்றி கோல் நூற்பாலைத் தொழிலாளி ஜிம்மி காஸ்ட்லி. அதன் பிறகு எந்தப் பழைய மாணவர் அணியும் அந்தக் கோப்பையை வெல்லவில்லை.

இன்னொரு பதிவுக் குறிப்பு: வாண்டரர்ஸ் 1876, 77, 78 என்று தொடர்ந்து வென்றபோது விதிப்படி கோப்பை அவர்களுக்கே சொந்தம். இனி யாருக்கும் நிரந்தரமாகப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு திருப்பிக் கொடுத்தார்கள். அதனால்தான் பின்னால் மூன்று தொடர்ந்து வென்ற பிளாக்பர்ன் ரோவர்ஸுக்குக் கோப்பை இல்லாமல் ஒரு வெள்ளிக் கேடயம் கிடைத்தது.

#15 — கோப்புக்காரன்

1871-72 இப்போது 10 + 4 = 14 என்று சரியாக உட்கார்ந்துவிட்டது. வெல்ஷ் கோப்பை முதல் இறுதி 30 மார்ச் 1878, ரெக்ஸம் ஆக்டன் பார்க், ரெக்ஸம் 1-0 ட்ரூயிட்ஸ் என்று பதிந்திருக்கிறேன். அதில் திருத்தம் உண்டா?

கடைசியாக ஒன்று. எஃப்.ஏ. கோப்பை 1888-89இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் – லின்ஃபீல்டு 2-2. மறுஆட்டம் பெல்பாஸ்டில் லின்ஃபீல்டு 3-1. ஆனால் அடுத்த சுற்றில் ஃபாரஸ்ட் இருக்கிறது. ஜெயித்தவன் வெளியே, தோற்றவன் உள்ளேயா?

#16 — பெல்பாஸ்ட்பக்கம்

வெல்ஷ் பதிவு சரி. கோல் ஜேம்ஸ் டேவிஸ். கோப்பை அன்றைக்குத் தயாராகவில்லை, அதனால் "கோப்பை வழங்கிய நாள்" என்று பத்தி இருந்தால் அதில் இறுதி நாளையே போட்டுவிடாதீர்கள்.

லின்ஃபீல்டு: அந்த 3-1 கோப்பை ஆட்டமே அல்ல. லின்ஃபீல்டு போட்டியிலிருந்து விலகிவிட்டது, ஆனால் அதற்குள் ஃபாரஸ்ட் கடல் தாண்டி பெல்பாஸ்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வந்தவர்களைச் சும்மா அனுப்பாமல் நட்பு ஆட்டமாக ஆடினார்கள். எனவே கோப்பைத் தாளில்: முதல் ஆட்டம் 2-2, மறுஆட்டத்துக்கு "வாக்கோவர், ஃபாரஸ்ட்". 3-1ஐக் குறிப்புப் பத்தியில் "நட்பு" என்று போடுங்கள்.

அந்த ஃபாரஸ்டுக்கு இப்படிக் கடல், எல்லை தாண்டுவது புதிதல்ல. 1885 அரையிறுதியில் குயின்ஸ் பார்க்குடன் டெர்பியில் 1-1, மறுஆட்டம் எடின்பரோ மெர்ச்சிஸ்டன் காசில் பள்ளி மைதானத்தில், 3-0 தோல்வி. ஸ்காட்லாந்தில் நடந்த ஒரே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி அந்த விக்டோரியா கால ஆட்டம். "நாடு" பத்தி ஆட்டம் நடந்த மைதானத்துக்கும் தனியாக வேண்டும், போட்டிக்கு மட்டும் போதாது.

#17 — கிளைடுக்கரை

அந்தப் பத்தியோட இன்னொரு வரம்பும் போட்டுடுங்க. 1886-87ல எஃப்.ஏ. கோப்பைல ஸ்காட்டிஷ் அணிகள் குவிஞ்சிருக்கும். ரேஞ்சர்ஸ் அரையிறுதிவரை போய் க்ரூ ஊர்ல ஆஸ்டன் வில்லாகிட்ட 3-1 தோல்வி. பார்ட்டிக் திஸில் பெல்பாஸ்டுக்குப் போய் கிளிஃப்டன்வில்லுக்கு 11 கோல் போட்டுச்சு. 1887-88ல ஒரு ஸ்காட்டிஷ் பேரும் இருக்காது. பதிவு விட்டுப்போச்சுன்னு தேடாதீங்க. 10 மே 1887ல ஸ்காட்டிஷ் சங்கம் தன் கிளப்புகள் வேற தேசியச் சங்கத்துல உறுப்பினரா இருக்கக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. ஐரிஷ் கிளப்புகளுக்கு அந்தத் தடை இல்ல, அதான் 1888-89ல லின்ஃபீல்டு பேர் வருது.